பத்து நிமிஷம் மூத்தவள்

இரட்டைப் பிள்ளைகளில் அவள் பத்து நிமிஷம் மூத்தவள். அந்தப் பத்து நிமிஷத்தை ஐம்பத்திரண்டு வருஷமாக அவள் விட்டுக்கொடுத்ததில்லை. தம்பி அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். ஊரோ அவனை அண்ணன் என்றது. மீசை இருக்கிறதே, போதாதா? மெட்டுப் போடுகிறவள் அவள், கூடப் பாடுகிறவன் அவன் என்பது இத்தனை ஆல்பங்களுக்குப் பிறகும் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

இந்தத் தடவை எட்டுப் பாட்டு. அதில் ஒன்று நரையைப் பற்றியது. இத்தனை நாள் மையடித்து மறைத்ததை இனிமேல் மறைக்கப் போவதில்லை என்று ஒருத்தி கண்ணாடியிடம் சொல்கிற பாட்டு. அதைப் பாடுவதற்காகவே அவள் ஒரு வருஷமாகச் சாயத்தைத் தொடாமல், பார்க்கிறவர்களெல்லாம் "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று விசாரித்ததைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு தலையை வெளுக்க விட்டிருந்தாள். அந்தத் தலை அட்டைப்படத்தில் வர வேண்டும், அந்தப் பாட்டு முதலில் வர வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அட்டையில் கருகருவென்ற தலையோடு நின்று, உள்ளே நரையைப் பாடினால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

படம் எடுக்கிற அன்று இசைக் கம்பெனி மேனேஜர் மேக்கப் அறைக்கே வந்துவிட்டார். மேக்கப் போடுகிற பெண்ணிடம் சொன்னார்: "மேடத்துக்கு வெள்ளையெல்லாம் மறைச்சிடுங்க. சாருக்குக் காதோரம் கொஞ்சம் வெள்ளை வைங்க. ஒரு கௌரவம் வரும்."

இந்தக் கூத்தை என்னவென்று சொல்ல? தம்பி ஞாயிறு தவறாமல் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சாயம் பூசுகிறவன். மீசைக்குத் தனி பிரஷ். ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்த இரண்டு தலைகள். ஒன்றில் இருக்கிற வெள்ளையைக் கறுப்பாக்கி, இன்னொன்றில் மெனக்கெட்டு ஒளித்துவைத்த வெள்ளையை டப்பாவிலிருந்து எடுத்து வைத்தார்கள்.

"அவனுக்கு வந்தா கௌரவம், எனக்கு வந்தா கிழவியா?" என்று ஆரம்பித்தாள் அவள். பாட்டைச் சொன்னாள், பாட்டின் வரியைச் சொன்னாள், தலையைச் சொன்னாள். அரைமணி நேரம் சொன்னாள். மேனேஜர் செல்போனைத் தடவியபடியே கேட்டார்.

"உணர்ச்சிவசப்படாதீங்க மேடம். அப்புறம் அது முகத்துல தெரியும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணாடி முன் இந்தக் காதோரம் ஒரு தடவை, அந்தக் காதோரம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடுக்கா, படம்தானே" என்றான். கௌரவம் அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது.

சோதனைக்கு ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். விளக்குகளைச் சரிசெய்ய வந்த லைட்காரர் நின்று பார்த்தார். நல்ல மனுஷர், மனசாரத்தான் சொன்னார்.

"குடுத்து வச்சவர் சார் நீங்க. பெத்த மகளோட சேர்ந்து பாடுற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். தம்பி விறுவிறுவென்று மேனேஜரிடம் போனான்.

"அவங்க தலை அவங்க தலையாவே இருக்கட்டும். எனக்கும் இந்த வெள்ளை வேண்டாம்."

"அருமையான யோசனை சார்" என்று மேனேஜர் அந்தக் கணமே நோட்டில் எழுதிக்கொண்டார். "வித்தியாசமா இருக்கும்."

தம்பி மீசையைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தான். "பாத்தியாக்கா, அரை நிமிஷத்துல முடிச்சிட்டேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ நான் அரைமணி நேரமா என்னடா பண்ணினேன், தாலாட்டா பாடினேன்? நான் சொல்லாததுன்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

அவன் யோசித்தான். பாவம், அழகு பார்க்கிறவனே தவிரக் கெட்டவன் இல்லை. "இல்லக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மேனேஜரிடம் போனான்.

"அந்த யோசனை என்னோடது இல்ல சார். எங்க அக்காவோடது. அவங்க முதல்லயே சொன்னாங்க, நீங்கதான் காதுல வாங்கல."

மேனேஜர் உருகிப்போனார். "என்ன பெருந்தன்மை சார் உங்களுக்கு. கூடப் பிறந்தவங்களுக்குப் பேர் வாங்கிக் குடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?"

எந்தப் பக்கம் உருட்டினாலும் பந்து அவன் காலடிக்கே வந்து நின்றது. அவள் அழ மாட்டாமல் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. வெட்கமாக இருந்தது அவனுக்கு. இத்தனை வருஷம் இது கண்ணில் படாமல் எப்படிப் போனது என்று வெட்கமாக இருந்தது.

அவள் வெள்ளைத் தலையோடும் அவன் ஞாயிற்றுக்கிழமைத் தலையோடும் படம் எடுத்தாயிற்று. "இப்போ உன்னை என் மகன்னு சொல்லுவாங்க, சந்தோஷம்தானே?" என்று கேட்டாள்.

அடுத்து, பாட்டுகளின் வரிசை. மேனேஜர் தான் உட்கார்ந்திருந்த, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியைத் தம்பியின் பக்கம் உருட்டிக்கொண்டார். "சார், காதல் பாட்டை முதல்ல வைப்போம். அந்த நரைப் பாட்டைக் கடைசியில தள்ளிடலாம். என்ன சொல்றீங்க?"

அவள் வாயெடுத்தாள். "ஒரு நிமிஷம் மேடம், சார் சொல்லட்டும்" என்றார் மேனேஜர்.

தம்பி தொண்டையில் கைவைத்தான். "தொண்டை... கட்டிடுச்சு" என்று வெறும் காற்றாகச் சொல்லி, விரலை அக்கா பக்கம் நீட்டினான்.

மேனேஜர் பதறிப்போய் வெந்நீர் வரவழைத்தார். தம்பி மிடறு மிடறாக, அவசரமே இல்லாமல் குடித்தான். மேனேஜர் மறுபடியும் கேட்டார். தம்பி தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் விரலை நீட்டினான். மேனேஜர் பட்டியலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அறையில் வேறு ஆண்பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். லைட்காரர்கூடப் போய்விட்டிருந்தார். கடைசியில் அந்த நாற்காலி கிறீச்சென்று மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

"நரைப் பாட்டு முதல்ல" என்றாள் அவள். "ஏன்னு சொல்றேன், எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். ஒரு முழுப் பக்கம் எழுதினார்.

வெளியே படியில் இறங்கும்போது தம்பி கணீரென்று ஆரம்பித்தான். "எப்படிக்கா என் நடிப்பு? அந்த வெந்நீரை—"

"பேசாம வாடா" என்றாள் அக்கா, அவன் தோளில் கைபோட்டு. "ஆல்பம் வெளிய வர்ற வரைக்கும் உனக்குத் தொண்டை கட்டியிருக்கு."