இரவல் கதிரைகள்

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரகுநாதன் கிளாக்கராக இருந்தான். வயது இருபத்தொன்பது. மனைவி சத்தியபாமா செத்துப் பத்து மாதம். ஆபீசுக்குப் போவான், வருவான். இடையில் யாராவது படிவத்தோடு வந்தால் நிரப்பிக் கொடுப்பான். படிவம் நிரப்ப மனம் வேண்டியதில்லை, பேனா போதும்.

அப்படி நிரப்பியவற்றில் ஒன்று விசாலாட்சியுடையது. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் ஜெயராசாவின் மகள். பதுளையில் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருந்தாள். அந்தத் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகள் இலண்டன்வரை போயிருந்தன. ஆள் யாரும் பேராதனைவரை போனதில்லை. படிப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் விடுதியும் சாப்பாடும் சும்மா வராது. அதற்குத்தான் உதவிப்பணம் கேட்டு விண்ணப்பம். கிடைத்தால் பேராதனை. கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போகவேண்டியதுதான். கங்காணி இப்போதே அவளுக்கு ஒரு கூடை பார்த்து வைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயராசா கடிதமும் கையுமாக ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, வியாழக்கெழம பதுளையிலேருந்து ஒரு பெரியவரு வாறாராங்க. நம்ம வீட்டப் பாக்கணுமாம்.”

“ஓம், உதவிப்பண விஷயமாத்தான். வரட்டும்.”

“வந்தா ஒக்காரச் சொல்ல ஒரு நாக்காலி இல்லீங்களே. சாக்குலயா ஒக்கார வைக்கிறது? மானம் போயிருமுங்க.”

இந்த இடத்தில் இரகுநாதனின் மூளை வேலை செய்தது. பத்து மாதம் சும்மா கிடந்த மூளை இன்னும் ஒரு வாரம் கிடந்திருக்கலாம். அவன் வளர்ந்த யாழ்ப்பாணத்தில், வீட்டை எடைபோட ஒருவர் வருகிறார் என்றால் முதல் வேலை அயலில் இரவல் வாங்குவதுதான். அவனைப் பெண்வீட்டார் பார்க்க வந்த நாளில் ரேடியோ பெரியப்பாவுடையது, விரிப்பு வாத்தியாருடையது. வீட்டுக்குச் சொந்தமாக இருந்தது மாப்பிள்ளை மட்டும்தான். பெண்வீட்டார் ஏமாந்ததும் அந்தச் சாமானில்தான்.

“பயப்பிடாதையுங்கோ. என்னட்டைக் கதிரை இருக்கு” என்றான்.

இருந்தது. சத்தியபாமாவின் சீதனமாக வந்த நாலு முதிரைக் கதிரைகள், ஒரு சுவர் மணிக்கூடு, ஒரு வெள்ளி மூக்குப்பேணி. பத்து மாதமாக அவன் அந்தக் கதிரைகளில் உட்கார்ந்ததில்லை. குசினியில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டான். புதன்கிழமை பின்னேரம் தொழிற்சாலை ஆட்கள் வந்து எல்லாவற்றையும் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். வெறுமையாகிப்போன அறையைப் பார்க்க அவனுக்கு ஒரு சுகமாக இருந்தது. தருமம் செய்த சுகம் என்று எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை வந்த உத்தியோகத்தர் பெயர் ஷுக்ரி. ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. ஜெயராசாவின் ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் நாலு கதிரைகளையும் போட்டபிறகு ஆள் நிற்க இடமிருக்கவில்லை. ஜெயராசாவின் மனைவி வள்ளியம்மை வாசலுக்கு வெளியே நின்று விருந்தாளியை வரவேற்றாள். கரிபிடித்த சுவரில் மணிக்கூடு பளபளத்தது. இரகுநாதன் கல்யாணத் தரகனைப்போல ஓரமாக நின்று, “நல்ல மதிப்பான குடும்பம்” என்று இரண்டு தரம் சொன்னான். கேட்காமலே சொன்னான்.

வள்ளியம்மை மூக்குப்பேணியில் கோப்பி கொடுத்தாள். அண்ணாந்து, உதட்டில் படாமல், குழாய்போன்ற அதன் மூக்கு வழியாக வாயில் ஊற்றவேண்டிய பாத்திரம். யாழ்ப்பாணத்துக் குழந்தைக்கும் கைவந்த வித்தை. ஷுக்ரிக்குக் கைவரவில்லை. கோப்பி நேரே சட்டைப் பைக்குள் போனது.

“பெரிய எடம்தான்” என்று துடைத்துக்கொண்டே சொன்னார். கதிரையைத் தட்டிப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், புத்தகத்தில் ஏதோ எழுதினார். “நான் ஊட்டுல பலகையிலதான் உக்கார்ற. வாறன் கிளாக்கர்.”

அவர் குடை வளைவில் மறைந்ததும் இரகுநாதன், “மனிசன் அசந்துபோனார்” என்றான். ஜெயராசா கையெடுத்துக் கும்பிட்டார்.

விசாலாட்சி மட்டும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “ஐயா, அவரு நாம ஏழைங்களான்னு பாக்கத்தானே வந்தாரு?”

மணிக்கூடு மட்டும் தன்பாட்டில் அடித்தது.

வேறு யாருக்காவது இது தெரியாமல் இருந்திருக்கலாம். இரகுநாதனுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. பத்து வருஷத்துக்கு முன் அவனும் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டவன். உதவிப்பணப் படிவத்தில் வறுமை என்று எழுத அப்பா அம்பலவாணருக்குக் கை வரவில்லை. இல்லாத பனங்காணியையும் சேர்த்து எழுதினார். உதவிப்பணம் வரவில்லை, தோட்டத்துக் கிளாக்கர் வேலை வந்தது. அப்பாவின் அந்த மடத்தனத்தை இரகுநாதன் வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறான். இப்போது அதையே, கதிரையும் சேர்த்து, செய்து வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறினான். ஷுக்ரி தன் ஆபீசில் வேறு சட்டையில் இருந்தார்.

“ஐயா, அந்தக் கதிரையள் அவையின்ர இல்லை. இரவல்.”

“வசதியான ஊடுன்னு எழுதிட்டன். இன்னும் அனுப்பல்ல. யார்ட கதிர?”

“என்ர... இல்லை, என்ர எண்டும் சொல்லேலாது. சீதனச் சாமான். மனிசியின்ர.”

சீதனம் பெண்ணின் சொத்து என்பது யாழ்ப்பாணத்துச் சட்டம். எந்த நேரத்தில் சட்டம் பேசுவது என்று அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

“அப்ப சரி. அவங்களையே வந்து ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்க. சாமான் என்ட, இரவலாக் குடுத்தன்னு.”

“அவ வரமாட்டா.”

“ஏன், யாழ்ப்பாணம் போயிட்டாங்களா? தபால்ல அனுப்பச் சொல்லுங்க.”

இரகுநாதன் மேசையில் இருந்த மைக்கூட்டைப் பார்த்தான். பத்து மாதமாக இந்தச் செய்தியை அவன் யாருக்கும் சொன்னதில்லை. தந்தி அடித்தது தபால் மாஸ்டர். ஊருக்குச் சொன்னது மாமா. தோட்டத்துக்கு அது தானாகவே தெரிந்துவிட்டது. அவன் வாயால் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

“செத்துப்போனா” என்றான்.

ஷுக்ரி பேனாவை வைத்தார். வாய்க்குள் ஏதோ ஓதினார். “எப்ப மவுத்தானாங்க?”

“மாசியில. காய்ச்சல்.”

“பின்ன என்னத்துக்குங்க அந்தச் சாமான்கள அங்க தூக்கிக் குடுத்தீங்க?”

“வீடு பாக்க ஆள் வருது எண்டவுடனே... பொம்பிளை பாக்க வாற மாதிரி நினைச்சிட்டன்.”

ஷுக்ரி சிரிக்கக்கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. இரகுநாதனுக்கும் உதடு கோணியது. அது சிரிப்புத்தானா என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

“நீங்களே எழுதுங்க” என்று ஷுக்ரி தாளை நகர்த்தினார். “திங்கக்கெழம வருவன். நேரம் சொல்லமாட்டன். அதுக்கிடையில கதிரெல்லாம் ஒங்கட ஊட்டுக்கு வந்திரணும். அங்கயும் பாப்பன்.”

கதிரை நாலு, மணிக்கூடு ஒன்று, மூக்குப்பேணி ஒன்று, காலஞ்சென்ற என் மனைவி சத்தியபாமாவின் சீதனம் என்று இரகுநாதன் எழுதினான். எத்தனையோ படிவம் நிரப்பியவன். ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லில் பேனா நின்று, மை ஊறிப் பரவியது. இன்னொரு தாள் கேட்டான்.

திங்கட்கிழமை பத்துமணிக்கு ஷுக்ரி லயத்துக்குப் போனார். சாக்கில் உட்கார்ந்து தகரக் கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று ஜெயராசா பிறகு எல்லாரிடமும் சொன்னார். அதன்பின் கிளாக்கர் வீட்டுக்கு வந்தார். நாலு கதிரைகளும் பழைய இடத்தில் இருந்தன. எண்ணினார். ஒன்றில் உட்கார்ந்தார்.

“புள்ளைக்குக் கெடைக்கும். நான் எழுதின எழுத்துக்கு யாரும் மறுப்புச் சொன்னதில்ல.” நிமிர்ந்து பார்த்தார். “நீங்க ஏன் நிக்கிறீங்க?”

“பரவாயில்லை.”

“உக்காருங்க கிளாக்கர். சொந்த ஊட்டுல இப்பிடி நின்டுகிட்டு இருந்தா, இதும் இரவல்னு எழுதிப் போடுவன்.”

பெண்ணின் உதவிப்பணம் போய்விடக்கூடாதே என்று இரகுநாதன் உட்கார்ந்தான். கதிரை கிரீச்சிட்டது. அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

“கோப்பி குடிப்பியளோ?” என்று கேட்டான்.

“குடிக்கலாம்” என்று ஷுக்ரி சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். “கோப்பையில தாங்க.”