பிங்கியும் ஈரச்சாக்கும்

சங்கரபாண்டியனுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. நாரணாபுரத்தில் எண்பது பேருக்கு வேலை கொடுக்கும் பட்டாசுக் கம்பெனி முதலாளி, விருதுநகரில் மாட்டு டாக்டர் வாசலில் ஒரு எலிக்காகக் குட்டி போட்ட பூனையாட்டம் அலைந்துகொண்டிருந்தார். எலி என்றால் மகள் கீர்த்திகா சண்டைக்கு வருவாள். ஹாம்ஸ்டராம். பேர் பிங்கி.

வயிறு உப்பிய அன்றே மகள் காட்டினாள். "தின்னு கொளுத்திருக்கு தாயி, விடு" என்றுவிட்டார். ஆர்டர் நெருக்கடியில் மூன்று வாரம் ஓடிப்போனது. நேற்று டாக்டர் பொன்னுத்தங்கம் இரண்டு விரலால் வயிற்றை அமுக்கிப் பார்த்து, எக்ஸ்ரேயும் எடுத்து, "கட்டி. முன்னாடியே வந்திருக்கலாம்ல?" என்றபோது இவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வதைத்தது.

இன்று ஆபரேஷன். ஒரு மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். வயிற்றைத் திறந்து நெல்லிக்காய் அளவு கட்டியை எடுத்துத் தையலும் போட்டாயிற்று.

"பிளைச்சுக்கிடும். மயக்கம் முழுசாத் தெளியிற வரைக்கும் உடம்பு மட்டும் குளிரக் கூடாது. கதகதப்பா வச்சிருங்க."

"சரிங்கம்மா" என்று நன்றாகத்தான் தலையாட்டினார். ஆனால் வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வெயில் ஏறினால், கம்பெனியில் வெடிமருந்து அறை சூடேறித் தீப்பிடிக்காமலிருக்க ஈரச்சாக்கு போடுவது அவருக்கு இருபது வருஷப் பழக்கம். ஆம்னி வேனில் பிங்கியின் பெட்டியை வைத்ததும், கை தன்பாட்டுக்கு அங்கே கிடந்த சாக்கை நனைத்துப் பிழிந்து பெட்டியைச் சுற்றிவிட்டது.

ஆமத்தூர் தாண்டித்தான் டாக்டர் சொன்னது உறைத்தது. ஓரமாக நிறுத்திப் பெட்டியைத் திறந்தார். பிங்கி நனைந்து, ஐஸாகக் கிடந்தது. மூச்சு இருப்பதாகவே தெரியவில்லை.

"அடப்பாவி, கொன்னுட்டியேடா" என்று தன்னையே திட்டிக்கொண்டார். துண்டால் துடைத்து, சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டார். வேன் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினார். சூடு என்றாலே பதறும் மனிதர், இன்னும் அடி, இன்னும் கொஞ்சம் அடி என்று வெயிலைக் கெஞ்சினார். வேர்வை ஆறாக ஓடியது.

செல்போன் அடித்தது. பரீட்சை முடித்து வந்த கீர்த்திகா.

"பிங்கி எப்படிப்பா இருக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அப்பா தப்புப் பண்ணிட்டேன் தாயி. நீ சொன்னப்பயும் கேக்கல, இப்பவும்..."

தொப்புள் பக்கத்தில் நறுக்கென்று வலித்தது. சங்கரபாண்டியன் ஏங்கி ஏங்கி அழ ஆரம்பித்தார்.

"செத்துப்போச்சாப்பா?" என்றாள் அவள், மெல்ல.

"கடிக்கிது தாயி" என்றார். "நல்லாக் கடிக்கிது."