ஒன்றுமில்லை என்ற ரிப்போர்ட்

எங்கள் கனகசெட்டிக்குளத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் தடைக்காலத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஏப்ரல் நடுவில் விசைப்படகெல்லாம் தொழிலுக்குப் போகாமல் இரண்டு மாசம் நிற்கும். கல்யாணம், காதுகுத்து, வலை சரிபார்ப்பது, வியாதி பார்ப்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். நோய்க்கு இந்தக் கணக்கு தெரியுமா என்று யாரும் யோசித்ததில்லை.

என் மனைவி அஞ்சலாட்சி லாஸ்பேட்டையில் ஒரு தெருமுனையில் மீன் விற்பாள், அரிந்தும் கொடுப்பாள். அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தாளானால், வந்தவர்கள் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் ஒரு கிலோ சங்கரா துண்டாகியிருக்கும். அந்தக் கைக்காகவே ஆள் வரும். போன வருஷம் தை மாசம் அந்தக் கையின் மணிக்கட்டு வீங்கியது, பிறகு இடது கையும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. மீன் அரிந்து அரிந்து வந்த வலி என்று நானே வைத்தியனாகி முடிவு கட்டினேன். தடைக்காலம் வரட்டும், காட்டலாம் என்றேன்.

வந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வேண்டுமே, வரிசையில் நிற்க வேண்டுமே என்று, மெடிக்கலில் வலிக்குக் கொடுக்கும் மாத்திரையை மூன்று நாள் முன்னாலிருந்தே போட வைத்தவன் நான்தான். டாக்டர் முன்னால் கையை நீட்டியபோது வீக்கம் வற்றி, நல்ல பிள்ளை போல இருந்தது. மாத்திரை போட்டதைச் சொன்னால் திட்டுவார்கள் என்று நாங்களும் வாயைத் திறக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நெகட்டிவ். ரத்தத்தில் வாதம் இல்லை, திரும்ப வீங்கினால் உடனே வாங்க என்று டாக்டர் சொன்னார். எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

அந்த ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி ரேஷன் கார்டோடு வைத்தேன். தொழில் தொடங்கியதும் கை மறுபடி வீங்கியது. அவள் வலி என்று சொல்லும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டினேன். ஒன்றுமில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள், இன்னும் என்ன என்று கேட்டேன். ஆறு மாசத்தில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். வலியும் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அப்படி ஒரு முட்டாள் நான்.

இந்த வருஷத் தடைக்காலத்தில் மகள் ஹேமலதா, ஒரு மாத்திரையும் கொடுக்காமல், வீங்கிய கையோடு அவளை வேறு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பு அரித்து, ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருந்தது. இது முடக்குவாதம்தான், சிலருக்கு ரத்தத்தில் காட்டாது என்றார் அந்த டாக்டரம்மா. நான் பையிலிருந்து லேமினேட் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்காமல் அஞ்சலாட்சியைக் காட்டினார்.

"ரத்தம் சொல்லலன்னா என்னங்க, அவங்க சொல்லியிருப்பாங்களே?"

ரிப்போர்ட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். வாரத்தில் ஒரே நாள் போடும் மாத்திரை, மறந்தும் மற்ற நாள் போடக் கூடாது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மணிக்கட்டுக்குப் பட்டை. இனி மோசமாகாமல் பார்க்கலாம், போனது திரும்பாது என்றார்.

தடை முடிந்து முதல் மீன் வந்த அன்று நானும் அவளோடு லாஸ்பேட்டைக்குப் போனேன். பட்டை கட்டிய கையோடு அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தாள். மீன் மூன்று முறை கையிலிருந்து நழுவியது. வாடிக்கைக்கார அம்மா ஒருத்தர், பரவாயில்லை, வீட்டிலேயே அரிந்துகொள்கிறேன் என்று முழுசாக வாங்கிப் போனார். அஞ்சலாட்சி அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் அரிவாள்மணையைக் கழுவி மடக்கி வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ரிப்போர்ட்டைக் கிழிக்க எடுத்தேன். முறுக்கினேன், பல்லால் கடித்து இழுத்தேன். அசையவில்லை. அஞ்சலாட்சி கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வுடுய்யா, அது கிழியாது. போன வருஷமே நான் கிழிச்சிப் பாத்துட்டேன்."