கற்பூரம் அணைத்த கை

எங்கள் ராணிக்கு இதுவரை அறுபத்து மூன்று பிள்ளைகள். அதில் ஒன்றைக்கூட அவள் பெறவில்லை.

நான் நாகபூஷணம். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர், இப்போது ரிட்டயர்டு, புத்தூரில் சொந்த வீடு. நான் விசில் ஊதினால் நகரி மலையே ஓரம் ஒதுங்கி பஸ்ஸுக்கு வழிவிடும். நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் நம்பினார்கள். அந்தத் திறமைக்காகத்தான் புரோக்கர் சுரேஷ்பாபு என்னைப் பிடித்தான்.

பாலசமுத்திரம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் கூண்டு கூண்டாக நாய்கள் குட்டி போடுகின்றன. அங்கே அடிக்கிற நாற்றத்தில் காக்கா மயங்கி விழும். அதைப் பார்த்தால் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள். அதனால் சுரேஷ்பாபு குட்டிகளைத் தக்காளிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து என் வீட்டில் இறக்குவான். நான் அவற்றை என் லேப்ரடார் ராணியின் வயிற்றோரம் விட்டு, "வீட்டு நாய் போட்ட குட்டிங்க, அம்மா இதோ" என்பேன். ராணி சாது. யார் பிள்ளையானாலும் நக்கிக் கொடுப்பாள். வந்தவர் தயங்கினால் நாராயணவனம் பெருமாள் கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பி, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வேன். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கமிஷனைவிட அந்த நடிப்பில்தான் எனக்கு ருசி. இதற்காகவே சட்டைப்பையில் எப்போதும் கற்பூரப் பொட்டலம் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மோனிகா ஆட்டோவில் வந்து இறங்கினாள். நகரியில் பவர்லூம் ஓட்டுகிற வீட்டுப் பெண். ஐந்து நாள் முன்னால் மகள் சந்தியாவுக்காக என்னிடம் ஒரு குட்டி வாங்கிப்போனவள். இப்போது அந்தக் குட்டி துண்டில் சுருண்டிருந்தது. வாயோரம் நுரை, பின்னால் ரத்தம்.

"சார், பார்வோன்னு குட்டிங்களக் கொல்ற நோவாம். ராணியக் குடுங்க சார். தாய் ரத்தம் ஏத்துனா பொழைக்க வழி இருக்குதுன்னு டாக்டரு சொல்றாரு. எங்க சந்தியா பாப்பா நேத்துலேர்ந்து ஒண்ணும் துன்னாம படுத்துக்கினு கீது."

மறுத்திருக்கலாம். கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் குட்டி கண்ணைத் திறந்து ராணியைப் பார்த்து வாலை அசைத்தது, ஒரே ஒரு தடவை. அதே ஆட்டோவில் ராணியையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

டாக்டர் கோகுலகிருஷ்ணன் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். "நீங்க குடுத்த ஊசி கார்டுல அறுபது நாள்னு போட்டிருக்கு. பல்லு இப்பத்தான் மொளைக்குது. யாருய்யா எழுதுனது? வயசு தப்புன்னா மருந்தளவும் தப்பாயிடும்."

"நான்தான் சார்" என்றேன். "முப்பது நாள் இருக்கும். ஊசியும் போடல. கார்டுல ஒட்டுன ஊசி ஸ்டிக்கர் புரோக்கர் கொண்டாந்தது, கையெழுத்து என்னுது. இவ தாயும் இல்ல."

மோனிகா என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அன்னிக்கி கற்பூரம் அணைச்சீங்களே."

டாக்டருக்கு அதெல்லாம் கேட்க நேரமில்லை. "தாயா இல்லாட்டியும் பரவால்ல. இந்த நாய்க்கு ஒழுங்கா ஊசி போட்டிருந்தா இது ரத்தம் கொஞ்சம் தாங்கும். போட்டிருக்கா?"

"வருஷா வருஷம் சார். இது சத்தியமா நெஜம்."

"ஊசி போட்ட புக்கு?"

புக்கை வாங்கிப்போயிருந்த சுரேஷ்பாபுவுக்கு போன் போட்டேன். "ராணி புக்கா பாபாய்? அசல் புக்கு கேட்டாரு ஒரு திருப்பதி பார்ட்டி. குட்டியோட சேத்துக் குடுத்துட்டேன் கதா! இப்ப என்னா அவசரம்? நீ கம்முனு உண்டு" என்று தெலுங்கு கலந்து அதட்டி, சும்மா இருக்கச் சொன்னான். ஊசி போட்ட டாக்டரோ எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டார். அவர் நம்பர் அணைந்து கிடந்தது.

"ஊசி போடாத நாயா இருந்தா, ஏத்தி பிரயோஜனமில்ல. இந்தக் குட்டி இருக்கற நிலையில அதத் தாங்கவும் தாங்காது" என்றார் டாக்டர். "ஏத்தறதுன்னா இப்பவே ஏத்தணும். நீதாம்மா சொல்லணும்."

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"அத வெளிய எடுக்காதீங்க" என்றாள் மோனிகா.

வாழ்நாளில் பத்து லட்சம் பொய் சொல்லியிருப்பேன், அத்தனையும் செல்லுபடியானது. இந்த ஒரு நிஜத்தை நம்பவைக்க என்னிடம் ஒரு சாமானும் இல்லை. "நம்பும்மா, தாயே, இவ நான் வளத்த நாயி, இவளுக்கு நான் ஊசி போடாம இருப்பேனா" என்று என்னென்னவோ உளறினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதே கூடையில எத்தினி குட்டி வந்துச்சி?"

"அஞ்சு."

"மீதி நாலு பேர் நம்பரு இருக்குதா?"

இருந்தது. தினமும் குட்மார்னிங் அனுப்புகிறவன் ஆயிற்றே.

"எங்கிட்ட சொன்னத அவங்கள்ட்ட சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டு. அப்பறமா உங்கள நம்பறதா வேணாவான்னு சொல்றேன்."

முதலில் ரத்தினம்மா. "எங்க குட்டி முந்தாநேத்தே செத்துப் பூட்ச்சி. எங்க வீட்டுச் சாப்பாடுதான் ஒத்துக்கலன்னு அழுதுக்கினு கீறன். நீ நல்லாருப்பியாடா பாவி" என்றாள். அந்த அம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. 'டா' சரிதான் என்று பட்டது. அடுத்து கார்வேட்டிநகரம் கமலக்கண்ணன். அவர் திட்டியதை எழுதினால் தாள் கருகும். மூன்றாவது நம்பர் எடுக்கவில்லை. நான்காவது தணிகைவேல், என் பழைய டிரைவர். விழுந்து விழுந்து சிரித்தார்.

"யோவ் கண்டக்டரு, உன் தமாஷுக்கு அளவே இல்லியாய்யா!"

"தமாஷில்ல வேலு. குட்டி வாந்தி எடுக்குதா?"

"காலையில ரெண்டு தபா எடுத்துச்சி. அதுக்கு இன்னா இப்ப? வெயிலு."

நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் சிரித்தார். ஐந்தாவது முறை குரல் உடைந்து அழுதுவிட்டேன். எதிர்முனையில் சிரிப்பு நின்றது. "எந்த ஆஸ்பத்திரி சொல்லு, வண்டி எடுக்கறன்" என்றார்.

மோனிகா டாக்டரைப் பார்த்து, ஏற்றுங்கள் என்று தலையசைத்தாள்.

ராணியை மேசையில் படுக்கவைத்துக் கழுத்தில் ஊசி குத்தினார்கள். அவள் அசையவில்லை. குட்டியின் பக்கம் முகத்தை நீட்டி, எட்டாத நாக்கால் காற்றை நக்கினாள். ரத்தம் மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பின்னால் வாசலில் தணிகைவேலின் வண்டிச் சத்தம் கேட்டது. டாக்டர் திரும்பிப் பார்க்காமலே இன்னொரு ஊசியைப் பிரித்தார்.

அப்போது மோனிகாவின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவள் எடுக்கவில்லை. என் கையில் கொடுத்தாள்.

"பாப்பாதான். நீங்களே சொல்லுங்க."

"அம்மா?" என்றது ஒரு சின்னக் குரல்.

"நான் ராணி வீட்டு தாத்தா பாப்பா."

"தாத்தா, ஜில்லுக்குட்டி பொழைச்சிடுமா?"

நான் யார்? மலையை ஒதுங்கவைத்தவன். பிழைக்கும், நாளைக்கே உன் பின்னாடி ஓடிவரும், சிங்கம் மாதிரி வளரும் என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஜில்லுவின் விலா ஏறியது. இறங்கியது. வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி ஏறியது.

"தெரியல பாப்பா" என்றேன். "தாத்தாவுக்குத் தெரியல."