லுங்கியோடு வேலைக்குப் போன நாள்

கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனோடு கிசுகிசுத்துத்தான் பேசியிருக்கிறாள். கோபம் வராமல் இல்லை. வந்த கோபத்தையும் கிசுகிசுத்தே தீர்க்க வேண்டியிருந்தது. மாமியார், மாமனார், மூத்தார் குடும்பம், கொழுந்தன் குடும்பம், எல்லாருடைய பிள்ளைகளும் என்று கால் வைக்க இடமில்லாத வீடு. இவர்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து "வெந்நீர் வேணுமா" என்று குரல் வரும்.

புருஷன் பேக்கரியில் மாஸ்டர். தெருவே அப்படிக் கூப்பிட்டுப் பழகியதில் பெற்ற தாயும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டாள். விடியுமுன் போவார், பொழுது சாய்ந்து வருவார், வந்ததும் தட்டின் முன்னாலேயே கண் சொருகும். மகளைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த கையோடு வெளிநாட்டு வேலை வந்தது. வீடும் தருகிறார்கள், மனைவியோடு வரலாம் என்றார்கள். மாமியார் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "மாஸ்டர் தனியா போனா பச்சத் தண்ணி கூட எடுத்துக் குடிக்கமாட்டான். நீயும் போய்ட்டு வா" என்றாள், முக்குக் கடைக்கு அனுப்புவதைப் போல.

இப்படித்தான் அவர்கள் அந்தக் காலையில் முன்பின் தெரியாத ஒரு தேசத்தில் வந்து இறங்கினார்கள். பேக்கரி வேன் டிரைவர் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். பெட்டிகளை வீடு வரை தூக்கி வந்து வைத்து, ஒரு சாவியைக் கையில் கொடுத்து, 'இன்று தூங்குங்கள், நாளைக்கு வேலை' என்று கன்னத்தில் கை வைத்துச் சைகையில் சொல்லிவிட்டுப் போனான்.

வீடு என்றால் ஒரு படுக்கையறை, ஒரு முன்னறை, திரும்பினால் இடிக்கிற சமையலறை. சுவரெல்லாம் வெள்ளை. ஒரு ஆணி கூட அடிக்கவில்லை. இருவரும் குளித்து, அவள் நைட்டியின் மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, அவர் லுங்கியும் ஸ்வெட்டருமாக முன்னறையில் உட்கார்ந்தார்கள்.

"டீ போடவா?" என்றாள், காதருகே குனிந்து.

"ஏன் இப்படிப் பேசுற? யாரு இருக்கா இங்க?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். உண்மைதான். யாரும் இல்லை.

"சத்தமா கேளு பாப்போம்."

"டீ போடவா?"

"இன்னும்."

"போங்க, எனக்கு வரல."

"நான் சமையல்கட்டுல நிக்கிறேன், நீ ரூம்லருந்து கூப்பிடு" என்று அவர் எழுந்து போனார். அவள் கூப்பிட்டாள். பிறந்த வீட்டில் மாடு பிடிக்கப் போன அண்ணனைக் கூப்பிட்ட குரல் எங்கேயோ அடியிலிருந்து கிளம்பி வந்ததில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாவியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, "வெளிய வரைக்கும் கேக்குதான்னு பாக்குறேன்" என்று கதவைத் திறந்து வராந்தாவுக்கே போய்விட்டார். அங்கிருந்து "ஏய், மாஸ்டர் பொண்டாட்டி" என்று அவர் கத்தவும், அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ என்று அவள் வாயைப் பொத்திச் சிரித்தபடி அவரை அடக்க ஓடினாள். ஓடியவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவர் கைப்பிடியைத் திருகினார். தள்ளினார். தோளால் இடித்தார். சாவி உள்ளே, போன் உள்ளே, செருப்பும் உள்ளே.

"இது தானா பூட்டிக்கிற கதவு போல" என்றார்.

"இப்ப சொல்லுங்க."

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். மூடிய கதவையும், லுங்கியையும், இரண்டு ஜோடி வெறுங்கால்களையும் பார்த்தாள். என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய் இரண்டு ஜோடிச் செருப்போடு வந்தாள். இரண்டும் பெண்கள் செருப்பு. அவருக்குக் கிடைத்தது ரோஜா நிறத்தில், மேலே ஒரு பஞ்சுப் பூவோடு இருந்தது. குதிகால் பாதி வெளியே நிற்க அவர் அதில் காலை நுழைத்துக்கொண்டு, மிக மரியாதையாகக் கும்பிட்டார்.

இன்னொரு சாவி பேக்கரி முதலாளியம்மாவிடம் இருக்கும் என்பது அவர் கணக்கு. வரும் வழியில் டிரைவர் கடையைக் கைகாட்டியிருந்தான். ஆனால் எந்தத் தெரு என்பது இருவருக்கும் நினைவில்லை. தெரு முனையில் நின்று அவர் மூக்கை மேலே தூக்கினார்.

"என்ன பண்றீங்க?"

"இரு. இந்தப் பக்கம் அடுப்பு எரியுது."

வெயில் அடித்தாலும் காற்று சில்லென்று இருந்தது. லுங்கி பாய்மரம் மாதிரி உப்பியது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் அந்தப் பஞ்சுப் பூவைப் பார்த்துவிட்டு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்ச தூரம் போனதும் வெட்கப்பட்டுப் பிரயோஜனமில்லை என்று தோன்றியது. அவர்களைத் தெரிந்தவர் ஒருத்தர்கூட அந்தத் தேசத்தில் கிடையாது. இரண்டு திருப்பம் தாண்டியதும் அவள் மூக்குக்கும் ரொட்டி வாசனை எட்டியது.

முதலாளியம்மா குள்ளமாக, கெட்டியாக, முழங்கை வரை மாவோடு இருந்தாள். நாளைக்கு வர வேண்டிய மாஸ்டர் இன்றைக்கே லுங்கியோடு பின்வாசலில் நிற்பதைப் பார்த்து முதலில் புரியாமல் விழித்தாள். இரண்டு பக்கமும் அரைகுறை இங்கிலீஷில் பேசி விஷயம் விளங்கியது. இன்னொரு சாவி டிரைவரிடம் இருக்கிறது. அவன் சரக்கு இறக்கப் போயிருக்கிறான், சாயங்காலம்தான் வருவான். உட்காருங்கள்.

அவள் உட்கார்ந்தாள். அவருக்கு உட்கார முடியவில்லை. அன்று ஒரு ஆள் வேலைக்கு மட்டம் போட்டிருந்தான். பெரிய பாத்திரத்தில் மாவு உப்பி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, முதலாளியம்மா ஒற்றை ஆளாக அடுப்புக்கும் மேஜைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவர் அந்த மாவைப் பார்த்தார், முதலாளியம்மாவைப் பார்த்தார், தன் கைகளைக் காட்டிக் கேட்டார். அந்த அம்மாள் தோளைக் குலுக்கி ஒரு ஏப்ரனை வீசினாள்.

இத்தனை வருஷத்தில் மாஸ்டர் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. பேக்கரிக்குள் வீட்டுப் பெண்கள் போகிற வழக்கம் கிடையாது. அவளுக்குத் தெரிந்த மாஸ்டர் கண்ணெதிரே இருக்கும் சீப்பைத் தேடுகிறவர், கேட்ட கேள்விக்கு 'ம்' போடுகிறவர். இங்கே நின்ற ஆள் வேறு. மாவை வெட்டித் துண்டு போட்டு, கைக்கு ஒன்றாக இரண்டு உருண்டைகளை உள்ளங்கைகளுக்கு அடியில் ஒரே நேரத்தில் சுழற்றினார். எடுத்தபோது இரண்டும் பளிங்கு மாதிரி இருந்தன. ட்ரே நிரம்பியது, அடுத்த ட்ரே நிரம்பியது. இடுப்பு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் அவர் விசிலடிக்கத் தொடங்கினார். என்ன பாட்டு என்று சொல்ல முடியாது, ஆனால் சுதி சுத்தமாக இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று அவள் காபித் தம்ளரைப் பார்த்ததோடு சரி, ஆளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் பெண் பார்க்கிற மாதிரி, கன்னத்தில் கை வைத்து, யாருக்கும் பயப்படாமல், அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலையில் நரை கூட நன்றாகத்தான் இருந்தது.

அவர் நிமிர்ந்தார். "என்ன அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. வேலையப் பாருங்க."

"சும்மா பாக்காத. கையக் கழுவிட்டு வா."

அவளுக்கும் ஒரு ஏப்ரன், தலைக்கு ஒரு தொப்பி. உப்பி நின்ற பன்களின் மேல் பிரஷ்ஷால் பால் தடவ வேண்டும். முதல் ட்ரேயில் பன் எல்லாம் குளித்துவிட்டு வந்த மாதிரி நின்றன. "பாலாபிஷேகம் பண்ணாத, சும்மா தொட்டுக் காட்டு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்து பிரஷ் அவர் கன்னத்தில் பட்டது. தெரியாமல் பட்டதுதான். இரண்டாவது முறை தெரிந்தே பட்டது. முதலாளியம்மாவுக்கு மொழி புரியாவிட்டாலும் இது புரிந்தது. அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

டிரைவர் வந்து சாவியைக் கொடுத்தபோது தெருவில் விளக்கு போட்டிருந்தார்கள். முதலாளியம்மா ஒரு காகிதப் பையில் சூடான ரொட்டியைப் போட்டுக் கொடுத்து, இருவரையும் மாறி மாறி விரலால் காட்டி என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"நாளைக்கு உன்னையும் வரச் சொல்றாங்க. அதுவும் உன்னத்தான் முதல்ல காட்டினாங்க."

"எனக்கு என்ன வேலை தெரியும்?"

"பால் தடவத் தெரியுமே. கன்னத்துல கூடத் தடவுற."

திரும்பும்போது இருவருக்கும் அகோரப் பசி. ரொட்டியை நடந்துகொண்டே பிய்த்துத் தின்றார்கள். மேல்தோல் மொறுமொறுவென்று உடைந்தது, உள்ளிருந்து ஆவி வந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. விசிலடிக்க யாரிடம் கற்றார் என்று அவள் கேட்டாள். சின்ன வயதில் அவரோடு வேலை பார்த்த ஒருவரின் கதையை அவர் ஆரம்பித்தார். கதை முடிவதற்குள் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டி எங்கேயோ வந்துவிட்டார்கள்.

"இந்த வழியாவா வந்தோம்?"

"இல்ல. இந்தக் கட்டடத்தப் பாத்த ஞாபகமே இல்ல" என்றார் மாஸ்டர், கொஞ்சமும் கவலையில்லாமல்.

இடது பக்கத் தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். அவள் அதைக் கைகாட்டினாள். "அப்படிப் போய்ப் பாக்கலாம். நீங்க கதையச் சொல்லுங்க."

பையில் இருந்த கடைசித் துண்டை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவளிடம் நீட்டிவிட்டு, அவர் விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.