காதில் சொன்னது

"அதெல்லாம் இருக்கட்டும். ஆணா பொண்ணான்னு கேட்டியா?"

மாமியார் சுடலைமாடத்தி இதைக் கேட்டபோது பூமாரி செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையின் இதயத்தில் வலப்பக்க வால்வு இருக்கவேண்டிய இடத்தைவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறது, ஆயிரத்தில் ஒன்றுக்குக்கூட வராத கோளாறு என்று அவள் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள்.

"கேக்கக் கூடாது அத்தை. போர்டே வச்சிருக்காவ."

கணவன் சுடலைக்கண்ணு விழிஞ்ஞம் துறைமுகத்தில் கம்பி கட்டுபவன். ஸ்கேன் அறைக்கு அவனும் வந்திருந்தான். "பேடிக்கண்டா மோளே, பயப்பட வேண்டாம். பிரசவம் இங்க நடந்தா போதும், ஆபரேஷன் செஞ்சு பிழைக்க வைக்கலாம். சர்க்கார் செலவு" என்று டாக்டர் ரெனி சொன்னதை அவனும் கேட்டான்.

"ஆம்பளப் பிள்ளைன்னா பாத்துருவோம்" என்றான் இப்போது. "பொட்டப்பிள்ளைன்னா, நெஞ்சுல தையலோட நாளைக்கு எவன் கெட்டுவான்? இன்னும் ரெண்டு வாரம் டைம் இருக்கு. கலைச்சிரலாம்."

பூமாரிக்கு அழுகை வரவில்லை. உலை வைக்கப் போனாள்.

மூன்றாம் நாள் மாநில எல்லை தாண்டி ஓர் ஊருக்குக் கூட்டிப் போனார்கள். பெயர்ப்பலகை இல்லாத மாடி. அங்கே எதையும் எழுதித் தருவதில்லை; கர்ப்பிணியின் காதில் மட்டும் சொல்வார்கள்.

மிஷின்காரன் குனிந்து, "பொண்ணு" என்றான்.

வயிற்றில் பூசியிருந்த பசையைத் துடைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

"ஆம்பளப் பிள்ளையாம்."

சுடலைமாடத்தி நின்ற இடத்திலேயே கும்பிட்டாள். மறுநாள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அதன்பிறகு மருமகளைக் குடம் தூக்க விடவில்லை. சுடலைக்கண்ணு லீவு போட்டு அலைந்து, இதய வார்டில் பெயர் பதிந்தான். வால்வைச் சரிசெய்துவிடலாம் என்று பக்கத்து வீடுகளில் அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான். பூமாரி வைத்ததைத் தின்றாள். சொன்ன நேரத்துக்குப் படுத்தாள். அந்த நாலு மாதமும் அவளுக்குச் சந்தோஷமும் தெரியவில்லை, பயமும் தெரியவில்லை.

பிள்ளை உதடு நீலம் பாய்ந்து பிறந்தது. யாரும் முகம் பார்ப்பதற்குள் இதய வார்டுக்குக் கொண்டு ஓடினார்கள். ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டது.

நாலைந்து நாள் அடக்கி வைத்திருந்ததை வார்டு வராந்தாவில் சுடலைக்கண்ணு சொன்னான்: "மிஷின்காரன் ஏமாத்திட்டான். அவனச் சும்மா விடமாட்டேன்."

"அவன் சரியாத்தான் சொன்னான்" என்றாள் பூமாரி. "நாந்தான் மாத்திச் சொன்னேன்."

சுடலைமாடத்தி மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

உள்ளேயிருந்து நர்ஸ் பூமாரியின் பெயரைக் கூப்பிட்டாள், பால் கொடுக்க. அவள் எழுந்து, இருவரையும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.