உதைக்காத துப்பாக்கி

நவம்பர் மாதம், வியாழக்கிழமை. வெளியே நல்ல வெயில். வாத்து வேட்டைக்குப் போடுகிற கனத்த கோட்டைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு ட்வைலாவின் கடைக்குள் நுழைந்தேன். காபிப் பானையைச் சுற்றி நின்ற நெல் விவசாயிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மெல்லிய சட்டையோடு தோளில் வைத்துப் பார்த்துத் துப்பாக்கி வாங்குகிறவன், வேட்டையன்று கோட்டைப் போட்டதும் துப்பாக்கியின் பின்கட்டை நீளம் என்று புலம்புவான். நான் அந்த ரகம் இல்லை.

"என்னடி ரொவீனா, குளிர் ஜுரமா?" என்றாள் ட்வைலா. பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே கூடைப்பந்து அணி. அப்போதே அவள் எனக்கு ஒழுங்காகப் பந்து போட்டதில்லை.

"டாக்டர் சுடலாம்னுட்டாருடி!"

கடையே திரும்பிப் பார்த்தது. போன வருடம் நெல் காயவைக்கும் ஆலையின் ஏணியிலிருந்து நான் விழுந்ததில் என் வலது தோளை அறுத்துத் தைத்தார்கள். அந்தப் பருவம் முழுக்க நான் வாத்தே சுடவில்லை. வீட்டு ஜன்னல் வழியாக அவை கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு, டிவியைத் திட்டிக்கொண்டு கிடந்தேன்.

"ஆனா துப்பாக்கியோட உதை கம்மியா இருக்கணுமாம். தச்ச இடம் மறுபடி பிஞ்சா அவரு பொறுப்பில்லையாம்."

"அப்போ உன் பழைய பம்ப் துப்பாக்கி?"

"அது கழுதை. அது உதைச்சா முழுசா இருக்கிற தோளே பிஞ்சுடும்."

எனக்கு இதில் விளையாட்டு இல்லை. எங்கள் அப்பா விட்டுப்போன ஓக் காடு ஒன்று இருக்கிறது. இலை உதிரும் காலத்தில் அதில் தண்ணீர் கட்டுவோம். வடக்கிலிருந்து வரும் வாத்துகள் ஓக் கொட்டை தின்ன மரங்களுக்கு நடுவே இறங்கும். நாங்கள் தொடை அளவு தண்ணீரில் ஆளுக்கொரு மரத்தில் சாய்ந்து நிற்போம். மரத்துக்கு மரம் ஆள் உண்டு, மாற்றி நிற்க முடியாது. ஒரு பருவம் முழுக்க மரம் சும்மா கிடந்தால் இன்னொருவன் அதைக் கேட்கலாம். கேட்டால், அடுத்த பருவத்தின் முதல் நாள் காலையில் பழைய ஆளும் புதிய ஆளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் வாத்தை விழவைப்பவருக்கு மரம். இது அப்பா வைத்த சட்டம். என் அண்ணன் ஹார்லன் பைபிளில் ஒரு வரியை விட்டாலும் விடுவான், இந்தச் சட்டத்தில் ஒரு எழுத்தை விட மாட்டான்.

என் மரத்தைக் கேட்டவன் ஹார்லனின் மாப்பிள்ளை கோல்பி. லிட்டில் ராக் நகரில் காப்பீட்டு வேலை, தேய்த்து மடித்த வேட்டை உடுப்பு, கையில் விலை உயர்ந்த இத்தாலியத் துப்பாக்கி. நல்ல பையன்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மனம் விட்டு வெறுக்கவும் முடியவில்லை.

"எவ்வளவு வச்சிருக்கே?" என்றாள் ட்வைலா.

"அறுநூறு டாலர். அதுக்கு மேல என் வீட்டுக்காரன் எமில் கிட்டே கேட்டா, அவன் தன் டிராக்டர் டயரைக் காட்டுவான்."

அவள் மூன்று செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளை எடுத்துக் கவுண்டரில் பரப்பினாள். எனக்கு வாயெல்லாம் பல். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு சூட்டுக்கும் முன்கட்டையை இழுத்துத் தள்ளி இழுத்துத் தள்ளியே சுட்டவள் நான். விசையைத் தட்டினால் அடுத்த தோட்டா தானாகவே வந்து உட்காரும் என்பதை நினைத்தாலே கை துறுதுறுத்தது.

முதலாவது, யாரோ வைத்திருந்து விற்ற இத்தாலியத் துப்பாக்கி, கோல்பியுடைய ஜாதி. இறகு போல இருந்தது. தோளில் வைத்ததும் மனசு போய்விட்டது.

"வேண்டாம்டி," என்றாள் ட்வைலா. "அது பின்னாடி உதைக்கிற வேகத்துலதான் தோட்டாவைப் பூட்டுற போல்ட்டே நகரும். உதைதான் அதுக்குச் சாப்பாடு. லேசா வேற இருக்கு. உன் தோளுக்கு ஆகாது."

இரண்டாவது துருக்கியில் செய்தது. தோட்டா வெடிக்கும் வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்து அதைக் கொண்டு இயங்குவது. உதையில் பாதியை அதுவே விழுங்கிவிடும். ஆனால் கனம். தூக்கிக் குறிவைத்துக்கொண்டு மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பத்து வருவதற்குள் தோள் நடுங்க ஆரம்பித்தது. கனமான துப்பாக்கி உதைக்காது, ஆனால் தூக்க முடியாது. லேசான துப்பாக்கியைத் தூக்கலாம், ஆனால் உதைக்கும். எனக்கு அழுகை வரும் போலிருந்தது.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதே. இதை எடு."

மூன்றாவதும் துருக்கிதான், வாயுவில் ஓடுவதுதான். ஆனால் குழாய் சிறியது. மற்ற இரண்டும் பன்னிரண்டு, இது இருபது. துப்பாக்கி அளவில் எண் பெரிதானால் குழாய் சின்னது. காபிப் பானைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரொவீனா, பேத்திக்கு வாங்குறியா? பால் புட்டியும் சேர்த்துக் கேளு!"

"உன் பொண்டாட்டிகிட்ட கேட்டு வாங்கிக்கிறேன், அவதானே உனக்குப் புட்டி கழுவுறா?" என்றேன். கடை அதிரச் சிரித்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு அந்த இருபதைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன். குழாயின் நுனியில் குறிபார்க்க வைத்திருந்த சின்ன மணி நேராக என் கண்ணில் உட்கார்ந்திருந்தது. மறுபடி மூடி மறுபடி ஏற்றினேன். அதே இடம். பத்துவரை எண்ணினேன், இருபதுவரை எண்ணினேன், தோள் ஆடவில்லை. கட்டை மட்டும் கொஞ்சம் நீளம். ட்வைலா பின்பக்கத் திருகைக் கழற்றி உள்ளே இருந்த ஒரு பட்டையை எடுத்துவிட்டு மாட்டினாள். அவ்வளவுதான், என்னை வைத்து அளவெடுத்துத் தைத்தது போல ஆகிவிட்டது.

"இது நிஜமாவே அறுநூறுக்குள்ளேயா?"

"தோட்டா ரெண்டு பெட்டியும் சேர்த்து. உனக்குப் பந்து போடலைன்னு இன்னும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறியே, இந்தா, இப்போ போட்டுட்டேன்!"

போலீஸ் சரிபார்ப்பு முடிந்து, துப்பாக்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வண்டியோட்டினேன். ஆர்கன்சா நெடுஞ்சாலையில் அந்த மாதிரி ஓட்டுவது தப்பு. யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் எமில், கொல்லையில் பழைய தகரப் பலகை ஒன்றை நிறுத்தி வைத்திருந்தான். "வா, ரெண்டு சுட்டுப் பாரு."

"மாட்டேன்."

"புதுத் துப்பாக்கியைச் சுட்டே பார்க்காம வேட்டைக்குக் கொண்டு போவியா? உனக்கென்ன பைத்தியமா?"

பைத்தியக்காரத்தனம்தான். இந்த ஊரில் அதைச் செய்கிறவனைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். ஆனால் கொல்லையில் சுட்டு, வலித்துவிட்டால்? பிறகு சனிக்கிழமை, பருவத்தின் முதல் நாள், நான் போகவே மாட்டேன். கோல்பி என் மரத்தில் சாய்ந்து நிற்பான். வலிப்பதானால் மரத்தடியில் வலிக்கட்டும் என்று சொன்னேன். எமில் துப்பாக்கியைப் பிரித்து, உள்ளே இருந்த கிரீஸைத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் போட்டுக் கொடுத்தான்.

சனிக்கிழமை இன்னும் விடியவில்லை. நானும் ஹார்லனும் கோல்பியும், ஹார்லனின் கறுப்பு நாய் மேபெலும் தண்ணீரில் நடந்து எங்கள் மரங்களுக்குப் போனோம். ரப்பர் கால்சட்டைக்கு வெளியே தண்ணீர் ஜில்லென்று அழுத்தியது. நான் என் மரத்தில் முதுகைச் சாய்த்தேன். பட்டை அதே இடத்தில் உறுத்தியது. சந்தோஷத்தில் அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தட்டினேன். நாலு அடி தள்ளி, பக்கத்து மரத்தில் கோல்பி.

"அத்தை, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

"வச்சுக்கிட்டேன் மாப்ளே. நிறையவே வச்சிருக்கேன்."

அவன் சிரித்தான். எதிர் மரத்தில் நின்ற ஹார்லன் "உஷ்" என்றான். தீர்ப்பு முடியும் வரை அவன் சுட மாட்டான், வாத்துகளை அழைக்கும் ஊதல் மட்டும் ஊதுவான். அரசாங்கச் சட்டப்படி சுடலாம் என்கிற நிமிடம் வரும் வரை யாரையும் தோட்டா போடவும் விட மாட்டான். அதற்குள் தலைக்கு மேலே சிறகுச் சத்தம் விசிறிக்கொண்டு போனது. ஒரு கூட்டம், இன்னொரு கூட்டம்.

"ம், போடுங்க," என்று ஹார்லன் கிசுகிசுத்தான்.

ஒரு தோட்டாவைப் பக்கத் துவாரத்தில் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். போல்ட் 'டக்'கென்று அறைந்து மூடியது. காடு முழுக்கக் கேட்டது.

"தமுக்கு அடிச்சுச் சொல்லேன்! கோல்பியைப் பாரு, எவ்வளவு நாசூக்கா மூடுறான்," என்று ஹார்லன் பல்லைக் கடித்தான். கோல்பி ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு, போல்ட்டின் கைப்பிடியைப் பிடித்தபடியே, கூசிக் கூசி, ஓசையே இல்லாமல் மூடினான். நான் இன்னும் இரண்டு தோட்டாக்களை அடியில் திணித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஹார்லன் ஊதினான். அவன் ஊதினால் பெட்டை வாத்தே பொறாமைப்படும். கூட்டம் ஒன்று வளைந்து திரும்பியது. நாங்கள் காலால் தண்ணீரை உதைத்து அலையெழுப்பினோம், கீழே வாத்துகள் நீந்துவதாக அவை நம்ப வேண்டும். மறுபடி ஒரு சுற்று. பிறகு ஒரு பச்சைத்தலை ஆண் வாத்து மட்டும் கிளைகளின் இடைவெளியில் கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு, சிறகை விரித்து, ஆரஞ்சுக் கால்கள் தெரிய, எங்கள் இருவருக்கும் நேர் நடுவில் இறங்கியது.

"சுடு!"

தோளில் ஏற்றினேன். மணி கண்ணில் உட்கார்ந்தது. வலிக்கப்போகிறது, வலிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்து விசையைத் தட்டினேன். பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கம்போல முன்கட்டையைப் பின்னால் இழுத்தேன், அது அசையவில்லை. மறுபடி இழுத்தேன். சிக்கிக்கொண்டுவிட்டது! வாத்து மடங்கிப் பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. மேபெல் பாய்ந்தாள்.

"விழுந்துடுச்சு! மாமா, விழுந்துடுச்சு!" கோல்பி குதித்தான். தண்ணீர் எங்கள் மேலெல்லாம் தெறித்தது. "தோள்ல என்னமா உதைச்சது!"

"ஒரே ஒரு வெடிதான் கேட்டுச்சு," என்றான் ஹார்லன். "ரொவீ, நீ சுட்டியா?"

பொய் சொல்ல ஒரு கணம் நாக்கு எழுந்தது. "இல்லண்ணே. என்னுது சிக்கிக்கிச்சு. வெடிக்கல."

ஹார்லன் என்னைப் பார்க்கவில்லை. மேபெலின் வாயிலிருந்து வாத்தை வாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "சட்டம் சட்டம்தான் ரொவீ," என்றான். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டான். அப்பாவின் மேல் எனக்குக் கோபம் பொங்கி வந்தது. துருக்கிக்காரன் மேல், ட்வைலா மேல், சுட்டுப் பார்க்காத என் புத்தி மேல், எல்லாவற்றின் மேலும் வந்தது. கண்ணீரும் வந்தது. மரத்திலிருந்து முதுகை எடுத்தேன்.

கோல்பி அடுத்த தோட்டாவைப் போடத் தன் போல்ட்டை இழுத்தான். உள்ளேயிருந்து, அவன் போட்டிருந்த அந்த ஒற்றைத் தோட்டா வெளியே வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. முழுத் தோட்டா. அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது, ஊசி பட்ட தடமே இல்லை. ஹார்லனின் முதுகு எங்கள் பக்கம். நானோ மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவன் அதைப் பாக்கெட்டில் போட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"மாமா," என்றான். குரலில் உயிரே இல்லை. "நான் சுடவே இல்ல."

ஹார்லன் திரும்பி வந்து தோட்டாவை வாங்கினான். "மெதுவா மூடினே இல்ல? கடைசி நூலளவு பூட்டு விழலை. இந்த மாதிரித் துப்பாக்கியை அடிச்சு மூடணும்டா."

"ஆனா தோள்ல உதைச்சுதே மாமா! சத்தியமா!"

"அப்போ வாத்தை யாரு சுட்டா? மேபெலா?"

மூவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தோம். என் வலது பக்கம், மிதந்த ஓக் இலைகளுக்கு நடுவே, ஒரு காலித் தோட்டா உறை ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள். பன்னிரண்டில் போட்டு யாரும் குழாயை வெடிக்க வைத்துவிடக் கூடாதென்று இருபதின் தோட்டாக்களுக்கு மட்டும் மஞ்சள் நிறம். அந்தக் காட்டில் அன்று ஒரே ஒரு இருபதுதான் இருந்தது.

சுடாதவனுக்கு உதைத்திருக்கிறது, சுட்டவளுக்கு உதைக்கவில்லை. இழுப்பதற்கு இந்த முன்கட்டையில் ஒன்றுமே இல்லை என்பதுகூட மறந்து, நல்ல துப்பாக்கியைச் சிக்கிக்கொண்டதாகத் திட்டியிருக்கிறேன்.

கோல்பி அந்த மஞ்சள் உறையைக் குனிந்து எடுத்து, தண்ணீரை உதறி, என் கையில் வைத்தான். "மரம் உங்களுதுதான் அத்தை. ஆனா ஒண்ணு கேக்கணும். நிஜமாவே உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

நான் பதில் சொல்வதற்குள் ஹார்லன் கையை உயர்த்தினான். மேலே ஒரு கூட்டம் வளைந்தது. அவன் ஊதலை வாயில் வைத்தான். அவை இறங்கின, பத்துப் பதினைந்து இருக்கும், காட்டுக் கூரையைக் கிழித்துக்கொண்டு. இந்தத் தடவை நான் கண்ணையும் மனதையும் திறந்து வைத்துக்கொண்டு சுட்டேன். ஒன்று. துப்பாக்கி தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டியது, அவ்வளவே. இரண்டு. தைத்த இடம் அசையக்கூட இல்லை. அதோடு தோட்டா தீர்ந்தது. இரண்டும் தவறின, ஒரு இறகுகூட உதிரவில்லை.

"வலிக்கலண்ணே!" என்று கத்தினேன். "அண்ணே, வலிக்கவே இல்ல!"

மிச்சமிருந்த வாத்துகளும் பயந்து மேலே ஏறிப் பறந்தன. பருவத்தின் முதல் காலையில் இப்படிக் கத்துகிறவளை ஹார்லன் தண்ணீரில் அமுக்கியிருக்க வேண்டும். அவன் ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"கத்துடி," என்றான். "நல்லாக் கத்து."

நான் என் மரத்தில் சாய்ந்துகொண்டு, சிரித்துக்கொண்டே, மறுபடி தோட்டா போட்டேன்.